ஊசி போடும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி

ஒன்பது மாதம் நிரம்பிய குழந்தைக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை. 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. நாடு முழுக்க இதுதான் அட்டவணை. காரைக்கால் மாவட்டத்தில் நெரவியானாலும் திருமலைராயன்பட்டினமானாலும் அம்பகரத்தூரானாலும், மாடி வீட்டுப் பிள்ளையும் கூரை வீட்டுப் பிள்ளையும் சுகாதார ஊழியர் ஒருவரின் கண்முன் வந்து சேரும் நாட்கள் இவை. எடை பார்க்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், அட்டையில் தேதி குறிக்கிறார்கள், காய்ச்சல் கண்டால் என்ன கொடுப்பது என்று சொல்லி அனுப்புகிறார்கள். அன்றைக்கு இன்னும் இரண்டு மூன்று நிமிடம் ஒதுக்கி, "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குறானாம்மா? எதையாவது காட்டணும்னா விரல் நீட்டுறானா?" என்று கேட்டுப் பதிலைக் குறித்துக்கொண்டால், ஆட்டிசத்தின் ஆரம்ப அறிகுறிகள் உள்ள பிள்ளைகள் பலரை மூன்று வயது, நான்கு வயது வரை காத்திராமல் அடையாளம் காண முடியும். சின்ன மாவட்டமான காரைக்கால் இதில் முந்திக்கொள்ளலாம். நெரவி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம்.

நூறு குழந்தைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த மதிப்பீடு. இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2018-இல் வெளியான இன்க்ளென் ஆய்வு காட்டிய அளவும் ஏறத்தாழ இதுவே. அமெரிக்காவில் 2025-இல் வெளியிட்ட கணக்கு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேருக்கு ஒருவர் என்கிறது. அங்கே தேடிக் கண்டுபிடிப்பது கூடியதற்கு அந்த உயர்வில் பெரும் பங்கு உண்டு. காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டியது. நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கிலேயே பார்த்தாலும், இங்கே பிறக்கும் ஒவ்வொரு ஆயிரம் குழந்தைகளிலும் பத்துப் பேருக்கு இந்தக் கவனம் வேண்டும்.

நம் வீடுகளில் ஆட்டிசம் பற்றிய கவலை பேச்சில்தான் தொடங்குகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாக்கியமாகப் பேசும்போது நம் பிள்ளை ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்ற கவலை. அதற்குள் இரண்டு வயது கடந்திருக்கும். பேச்சுக்கு முன்பே குழந்தை பேசும் மொழி ஒன்று உண்டு. கண், முகம், விரல், தலையைத் திருப்புவது, கையை நீட்டுவது எல்லாம் அதில் சேர்த்தி. ஆட்டிசத்தின் முதல் தடயம் தெரிவது அங்கேதான்.

காரைக்கால்-நாகூர் தடத்தில் ரயில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டியின் இடுப்பில் இருக்கும் பதினான்கு மாதக் குழந்தை சத்தம் கேட்டதும் திரும்புகிறது. ஆள்காட்டி விரலை நீட்டி "ம்ம்" என்கிறது. உடனே பாட்டியின் முகத்தைப் பார்க்கிறது. 'நீயும் பார்த்தாயா?' என்று கேட்கும் பார்வை அது. மறுபடி ரயிலைப் பார்க்கிறது. இத்தனையும் நடந்து முடிய மூன்று நொடி ஆகாது. குழந்தைக்கு ரயில் வேண்டியதில்லை. தான் கண்டதைப் பாட்டியும் காண வேண்டும், அவ்வளவுதான். பிஸ்கட் டப்பாவை எடுத்துத் தரச் சொல்லிக் கை நீட்டுவது வேறு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் தமக்கு வேண்டியதற்கு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அலமாரி முன் நிறுத்துவார்கள். ரயிலைக் காட்டிவிட்டு முகம் பார்க்கும் அந்தச் செயல்தான் அவர்களிடம் வராமலோ, வெகு தாமதமாகவோ இருக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் படாது. "அவனுக்கு வேணுங்கிறத அவனே வாங்கிக்குறான், கெட்டிக்காரன்" என்று பெருமைப்படுகிற வீடுகளே அதிகம்.

பெயருக்குத் திரும்புவதும் இதைப் போலத்தான். ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள், முகம் தெரியாமல் பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தாலும் பெரும்பாலான குழந்தைகள் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். அழைத்தால் திரும்பாத பிள்ளை, பிஸ்கட் உறை பிரிக்கும் சத்தத்துக்கும் டிவி விளம்பரத்தின் இசைக்கும் ஓடி வந்தால் காது கேட்கிறது என்று தாய்மார் சொல்வார்கள். ஓரளவுக்கு அது சரிதான். ஆனாலும் செவித்திறன் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. சில அலைவரிசைகள் மட்டும் கேட்காத குழந்தைகளும் உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறு மாதத்துக்குள் முகம் பார்த்து மலர்ந்து சிரிக்க வேண்டும். ஒன்பது மாதத்தில் நாம் ஒரு ஒலி எழுப்பினால் அது ஒரு ஒலி எழுப்பித் திருப்பித் தர வேண்டும். ஒரு வயதில் மழலை ஒலிகள், டாட்டா காட்டுவது, 'தூக்கு' என்று கை நீட்டுவது. பதினாறு மாதத்தில் தனிச் சொற்கள். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' போல இரண்டு சொற்கள் சேர்ந்து வருவது. இவற்றில் ஏதோ ஒன்று சில வாரம் பிந்தினால் பதறத் தேவையில்லை. பல சேர்ந்து பிந்தினால், அதிலும் முகம் பார்க்கும் பழக்கம் குறைவாக இருந்தால் காத்திருக்கக் கூடாது. வந்த சொற்கள் மறைந்தால், சிரித்த பிள்ளை சிரிப்பை நிறுத்தினால், எந்த வயதிலும் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

அமெரிக்காவில் ஆஸ்டர்லிங், டாசன் என்ற இருவர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு நம் வீடுகளுக்கு நெருக்கமானது. பின்னாளில் ஆட்டிசம் உறுதியான பிள்ளைகளின் முதல் பிறந்தநாள் வீடியோக்களை வாங்கி, மற்றப் பிள்ளைகளின் வீடியோக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான்கு விஷயங்களே பெரும்பாலும் இரு தரப்பையும் பிரித்துக் காட்டின: பிறர் முகத்தைப் பார்ப்பது, பெயருக்குத் திரும்புவது, விரல் நீட்டிக் காட்டுவது, கையில் உள்ளதைப் பிறரிடம் காட்டுவது. அந்தப் பெற்றோருக்கு அன்றைக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. வீடியோவில் இருந்தது. 2013-இல் ஜோன்ஸ், கிளின் இருவரும் இன்னும் முன்னால் போனார்கள். பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளும் பிறந்த புதிதில் கண்களைப் பார்க்கவே செய்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் அந்தப் பார்வை மெல்ல மெல்லக் குறைந்ததை அவர்கள் கருவி கொண்டு அளந்தார்கள். இது ஆய்வுக்கூடத்து அளவீடு. வீட்டில் வெறும் கண்ணால் பிடிக்க முடியாது. ஆட்டிசத்தின் வேர் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம்மிடம் இதற்கான கண்ணோட்டம் இல்லாமல் இல்லை. பிள்ளைத்தமிழுக்குப் பாட்டியல் நூல்கள் வகுத்த பத்துப் பருவங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் மாதத்தில் காப்பில் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களாகக் கணக்கிடும் மரபு ஒன்று உண்டு. ஒன்பதாம் மாதம் சப்பாணி. கை கொட்டச் சொன்னால் பார்த்துக் கொட்டும் வயது. பதினோராம் மாதம் முத்தம். கேட்டால் கன்னத்தைத் தரும். பதின்மூன்றில் வருகை. அழைத்தால் வரும். பதினைந்தில் அம்புலி. வானத்து நிலவைத் தாயும் பிள்ளையும் சேர்ந்து பார்க்கிறார்கள். அதற்கு மேல் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று பாவனை விளையாட்டுகள். பாட்டியல் செய்யுளுக்கான இலக்கணம். அதை மருத்துவ அட்டவணையாக்க நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசை குழந்தையின் எடையையும் பல்லையும் எண்ணவில்லை. பிறரோடு அது எப்படிச் சேர்கிறது என்பதையே எண்ணியது. பார்த்துச் செய்வது, கேட்டால் தருவது, அழைத்தால் வருவது, சேர்ந்து பார்ப்பது, பாவித்து விளையாடுவது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு உலகம் முழுதும் பயன்படுத்தும் எம்-சாட் என்ற இருபது கேள்விப் படிவமும் பெரும்பாலும் இவற்றையேதான் விசாரிக்கிறது. அந்தப் படிவம் தமிழிலும் கிடைக்கிறது.

அப்படியிருந்தும் பிள்ளைகள் தாமதமாகவே மருத்துவரிடம் வருகிறார்கள் என்றால், காரணம் அக்கறையின்மை கிடையாது. "அவங்கப்பனும் நாலு வயசுலதான் வாய் தொறந்தான்", "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று பெரியவர்கள் சொல்வது மருமகளின் பயத்தைத் தணிக்கத்தான். சுட்ட வசம்பை நாக்கில் இழைத்துத் தடவுவார்கள். தேனைத் தொட்டு வைப்பார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆபத்து, கொடுக்கவே கூடாது. பேச்சு வர வேண்டுமென்று சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்கா கோயிலுக்குக் கூட்டிப் போகிறவர்கள் உண்டு. கூத்தனூர் சரஸ்வதிக்கும் நாகூர் தர்காவுக்கும் நேர்ந்துகொள்கிறவர்கள் உண்டு. போகட்டும். நேர்த்திக்கடனையும் காது சோதனையையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். கோயிலுக்குப் போய் வந்தாயிற்று, இனி ஒரு வருஷம் பார்க்கலாம் என்று இருந்துவிடுவதுதான் பிள்ளைக்குச் செய்யும் கேடு. அதைவிட வருத்தம், மருத்துவம் படித்தவர்களே "மூணு வயசு ஆகட்டும், தானா சரியாகும்" என்று சொல்லி அனுப்புவது. பெரியவர்கள் சொன்னால் மருமகள் மறுத்துப் பேச இடமுண்டு. டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் யாரும் பேச முடியாது.

ஊசி போடும் நாளிலேயே கேட்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. லண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998-இல் லான்செட் இதழில் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரை, தட்டம்மை உள்ளிட்ட முத்தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டது. 2010-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவரது மருத்துவப் பதிவும் அதே ஆண்டில் ரத்தானது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடில்லை என்று காட்டியது. இருந்தும் அந்தப் பயம் வாட்ஸ்அப் வழியாக நம் ஊர் வரை வந்துவிட்டது. "ஊசிக்கு அப்புறந்தான் புள்ள மாறிடுச்சு" என்று ஒரு தாய் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. இரண்டாம் தவணை போடும் மாதங்களும் அறிகுறிகள் வெளிப்படையாகத் தெரிய வரும் மாதங்களும் ஒன்றாக அமைந்துவிட்டன, அவ்வளவே. ஊசிக்கு முன் அந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலை அட்டையில் எழுதிவிட்டால், அறிகுறி முன்பே இருந்ததா என்பதற்கு அந்தத் தாயின் கையிலேயே எழுத்தில் ஆதாரம் இருக்கும். தடுப்பூசியின் மீதான நம்பிக்கையையும் அதுவே காப்பாற்றும்.

தாயின் மீது பழி போடுவதும் உலகம் முழுதும் நடந்த கதை. 1943-இல் லியோ கானர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு மருத்துவ நூல்களில் இடம் தந்தார். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம், அன்பு காட்டாத தாய்தான் காரணம் என்று ஒரு புத்தகமே எழுதினார். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்ட் 1964-லேயே இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று எழுதியிருந்தார். 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் இருவரும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து மரபணுவின் பங்கைக் காட்டினார்கள். பழி மட்டும் போகவில்லை.

காரைக்காலுக்கு உறவுள்ள பிரான்சில் அந்தப் பழி நீண்ட நாள் நின்றது. உளப்பகுப்பாய்வாளர்களின் செல்வாக்கால் அங்கே பல பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் மனநல விடுதிகளில் வளர்ந்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் போதிய கல்வி தரவில்லை என்று ஐரோப்பிய சமூக உரிமைக் குழுவே பிரான்ஸ் மீது குற்றம் கண்டது. அந்த முடிவு 2004-இல் வெளியானது. அதன் பிறகு அந்த நாடு திருந்திய விதம் நமக்குப் பாடமாகும். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சுகாதாரக் குறிப்பேடு உண்டு. பாரீசில் பேரப்பிள்ளை உள்ள நெரவி, காரைக்கால் குடும்பங்கள் அதைப் பார்த்திருக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து வழங்கும் புதிய பதிப்பில் வளர்ச்சிக் குறைபாடுகளை முன்கூட்டியே அடையாளம் காணும் பகுதி வலுவாகியிருக்கிறது. அதைவிடப் பெரியது, 2018-இல் அறிவித்த தேசியத் திட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சந்தேகம் எழுந்தாலே போதும், ஆட்டிசம் என்று உறுதிப்படும் வரை காத்திராமல் பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது.

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-இன் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அங்கீகரித்தது. பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013-இல் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் வந்தது. வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிவது அதன் நான்கு நோக்கங்களில் ஒன்று. மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் வேண்டும் என்பதும் அதன் ஏற்பாடு. குறை இருப்பது திட்டத்துக்கும் தாயின் மடிக்கும் நடுவில்.

அந்த இடைவெளி காரைக்காலில் கொஞ்சம் கூடுதல். நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே கிடக்கிறது இந்த நிலம். தலைநகரமான புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஏறக்குறைய நூறு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பன்முகத் திறன் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் இன்னும் தூரம். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அது வேறு அரசு, வேறு அட்டை, வேறு திட்டம். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் கைக்குழந்தையோடு பஸ் ஏறி இறங்க ஒரு மீனவக் குடும்பத்தாலோ, கணவன் வளைகுடாவில் இருக்கும் தனி ஒரு பெண்ணாலோ எத்தனை மாதம் முடியும்? பயிற்சி ஊருக்கு வர வேண்டும்.

வர முடியும் என்பதற்குச் சான்று உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், பயிற்சி தந்தவர்கள் நிபுணர்கள் இல்லை. பயிற்றுவிக்கப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டி, 'இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் கவனிக்கவில்லை' என்று சொல்லித் தந்தார்கள். பிள்ளைக்கு ஏற்ப ஈடுகொடுத்துப் பழகும் திறன் பெற்றோரிடம் கூடியது. ஆஸ்திரேலியாவில் 9 முதல் 14 மாதக் குழந்தைகள் 103 பேரோடு நடத்திய ஆய்வு 2021-இல் வந்தது. அறிகுறிகள் தெரிந்த உடனே, ஆட்டிசம் என்ற முடிவுக்குக் காத்திராமல், இதே போன்ற வீடியோ முறையில் பெற்றோருக்குப் பழக்கினார்கள். மூன்று வயதில் ஆட்டிசத்துக்கான அளவுகோலைத் தொட்டவர்கள் பயிற்சி பெற்ற தரப்பில் 6.7 சதவீதம், மற்றத் தரப்பில் 20.5 சதவீதம். ஒரே ஆய்வை வைத்து ஆட்டிசத்தைத் தடுத்துவிடலாம் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆட்டிசம் அழிக்க வேண்டிய நோயும் அல்ல. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை வளைந்து கொடுக்கும் வேகம் பிறகு கிடைப்பதில்லை. தென்காசி பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் கிராமப் பணியாளர்களை வீடுகளுக்கு அனுப்பி வளர்ச்சித் தாமதமுள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதை ஆண்டுக்கணக்கில் செய்துவருகிறது. அங்கே முடிந்தது நெரவியில் முடியாதா?

இங்கே ஆளும் இடமும் உண்டு. 2016 முதல் காரைக்காலில் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நெரவியிலேயே ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி சட்டப்படி செலவழிக்க வேண்டிய பணம். அதில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரையும் குழந்தை வளர்ச்சிப் பயிற்சியாளர் ஒருவரையும் நெரவி வட்டாரத்துக்கு அமர்த்துவது பெரிய செலவில்லை. எந்தக் கிழமை, எந்த அறையில், யார் இருப்பார் என்பதை ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். சான்றிதழ் கையில் வந்த பிறகுதான் பயிற்சி என்ற நிபந்தனை எங்கும் இருக்கக் கூடாது.

நாலு கேள்வி கேட்டுத் தேவையில்லாமல் தாய்மாரைப் பயமுறுத்திவிடுவோமோ என்று செவிலியர்கள் தயங்கலாம். எம்-சாட் படிவத்தை அமெரிக்காவில் பரிசோதித்து 2014-இல் வெளியிட்ட முடிவில், தொடர் விசாரணைக்குப் பிறகும் சந்தேகத்தில் நின்ற குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கே ஆட்டிசம் உறுதியானது. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்று ஐந்து பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலைக்குரிய குறியோ இருந்தது. தவறான எச்சரிக்கை என்று நாம் நினைக்கும் பிள்ளைக்கும் உதவி தேவைப்பட்டது.

பெற்றோருக்கு ஒரு யோசனை. மருத்துவரின் அறையில் ஐந்து நிமிடத்தில் பிள்ளை அழும், அல்லது தூங்கும். வீட்டில் விளையாடும்போதும் சாப்பிடும்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் எடுத்த இரண்டு நிமிட வீடியோவைக் கொண்டுபோங்கள். 'காத்திருங்கள்' என்று சொன்னால், எந்தத் தேதி வரை, அப்போது எது வந்திருக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு வயது வரை குழந்தைக்கு எந்தத் திரையும் வேண்டாம், எப்போதாவது வீடியோ அழைப்பு போதும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் தந்த அறிவுரை. செல்போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. முகம் பார்த்துப் பழக வேண்டிய நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஸ்டெம் செல் சிகிச்சையில் குணமாகும் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது.

எங்கிருந்து தொடங்குவது என்று சுகாதாரத் துறை கேட்டால் அதற்கும் விடை உண்டு. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்று தொடர் ஆய்வுகள் காட்டுகின்றன. நெரவி வட்டாரத்தில் அப்படிப்பட்ட வீடுகள் எவை என்பது அங்கன்வாடி ஊழியருக்கும் கிராமச் செவிலியருக்கும் தெரியும். அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்தால் ஒன்பதாம் மாத ஊசிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். ஆறாம் மாதத்திலேயே போய்ப் பார்த்துவிடலாம்.